சொன்னது எங்கே போகும்?

(யூபிலி ஆண்டில், தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாளன்று பங்கு மண்டபத்தில் பங்குக் குரு ஆற்றிய உரை)



இன்று மே மாதம் முதல் நாள். பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-ஆம் ஆண்டில் இந்த நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பருக்குரிய திருநாளாக ஏற்படுத்தினார். இந்த நாளில் சூசையப்பரின் உளியைப் பற்றியும் இழைப்புளியைப் பற்றியும் பேசுவது வழக்கம். இம்முறை அதை விட்டுவிடுகிறேன். வேலைக்குப் போகிறவர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது பேசுங்கள், யூபிலி மலரிலும் போட்டுவிடலாம் என்று விழாக் குழுவினர் கேட்டார்கள். ஆகவே, பல வீடுகளில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தணிந்த குரலில் பேசப்படுகிற ஒரு விஷயத்தை இங்கே ஒலிபெருக்கியில் பேசப் போகிறேன்.

வயலை மட்டுமே நம்பியிருக்கும் குடும்பம் இன்று நம் பங்கில் குறைவு. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கணினி நிறுவனங்களில் இருக்கிறார்கள். பெண் மக்கள் மருத்துவமனைகளில் செவிலியராக இருக்கிறார்கள். சிலர் திருப்பூரில், சிலர் வங்கியில், காவல்துறையில், அரசுப் பேருந்தில், சிலர் கடல் கடந்து வளைகுடா நாடுகளில். அந்த இடங்களில் பலவற்றில் இப்போது உளவியல் ஆலோசனை என்று ஓர் ஏற்பாடு வந்திருக்கிறது. ஓர் அறை, இரண்டு நாற்காலி, சுவரில் ஒரு பூப்படம். அல்லது ஒரு தொலைபேசி எண். அல்லது கைப்பேசியில் ஒரு செயலி. மனம் சோர்ந்தவர், தூக்கம் வராதவர், குடியை விட முடியாமல் தவிப்பவர், வீட்டுச் சண்டையைத் தோளில் சுமந்துகொண்டு வேலைக்கு வருகிறவர் யாரும் அங்கே போய்ப் பேசலாம். செலவு நிறுவனத்தைச் சேர்ந்தது. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் போகிறவர்கள் எத்தனை பேர்? ஏன் போவதில்லை என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், வேறு வேறு ஊரில் வேறு வேறு வேலை செய்கிறவர்கள் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: "சொன்னா அது எங்க போகும்னு தெரியலையே, சாமி."

அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் என் பேச்சு.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். என்னிடம் வந்து பேசியவர்களின் கதை எதுவும் இந்த உரையில் வராது. கதையில்லாத பிரசங்கம் உப்பில்லாத கஞ்சி என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் இரகசியம் காப்பதைப் பற்றிப் பேச வந்தவன், பத்துப் பேருடைய இரகசியத்தை உவமையாக எடுத்து விளம்பினால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரிக்கவும் வேண்டும். ஒருவர் மட்டும், "ஊரையும் வேலையையும் மாற்றிச் சொல்லுங்கள், யாருக்காவது உதவட்டும்" என்று தாமாகவே அனுமதி தந்தார். அவர் நம் பங்கைச் சேர்ந்தவர் அல்லர், தேடாதீர்கள்.

அவர் ஏதோ ஒரு நிறுவனத்தில் வண்டி ஓட்டுகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அடுத்தடுத்து இரண்டு சாவு. நடு இரவில் விழிப்பு வந்தால் பிறகு விடிகிற வரையில் கண் மூடாது. நிறுவனத்தில் ஆலோசகர் இருக்கிறார் என்று அறிவிப்புப் பலகையில் பார்த்துப் போனார். நாலு வாரம் போனார். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார்கள், மனம் லேசானது என்று இன்றைக்கும் சொல்கிறார். ஐந்தாம் வாரம் அவரை வண்டியிலிருந்து இறக்கிச் சாமான் கிடங்கில் போட்டார்கள். படிப்பணமும் போயிற்று. காரணம் கேட்டதற்கு மேற்பார்வையாளர் பத்துப் பேர் நடுவிலே, "உனக்குத்தான் ராத்தூக்கமே கிடையாதாமே! வண்டியை எங்கேயாவது கொண்டுபோய் விட்டா யார் பதில் சொல்றது?" என்றாராம்.

கவனியுங்கள். அந்த மேற்பார்வையாளர் கேட்ட கேள்வி முழுக்க அநியாயமானது என்று சொல்லமாட்டேன். தூக்கமில்லாதவர் வண்டி ஓட்டினால் ஆபத்துதான். அந்தச் செய்தி அவர் கைக்கு வந்து சேர்ந்த வழிதான் அநியாயம். "இந்த வேலையில் இருப்பவர் தூக்கத்தைப் பற்றிச் சொன்னால் நான் மேலே தெரிவிக்க வேண்டிவரும்" என்று முதல் நாளே அந்த அம்மாள் சொல்லியிருந்தால், சொல்வதா வேண்டாமா என்று அவர் தாமே தீர்மானித்திருப்பார். ஒருவேளை தாமே போய், "ஒரு மாதம் எனக்கு வேறு வேலை கொடுங்கள்" என்று கேட்டுமிருப்பார். இப்போது அவர் ஒருவர் மட்டும் போகவில்லை. வேடிக்கை பார்த்த அந்தப் பத்துப் பேரும் இனி அந்த அறைப்பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள்.

நம் ஊர்த் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் ஒன்று நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். 3,000 கலம் கொள்ளும் என்பார்கள். எவ்வளவு கொள்ளும் என்று பார்த்து யாரும் களஞ்சியத்தில் நெல்லைக் கொட்டுவதில்லை. சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்று பார்த்துத்தான் கொட்டுவார்கள். ஆலோசனை அறையும் அப்படித்தான். அறைக்குக் குளிர்சாதனம் போட்டிருக்கிறார்களா, ஆலோசகர் எத்தனை பட்டம் படித்திருக்கிறார் என்பதெல்லாம் பிறகு. சாவி யாரிடம்?

நம் மாநிலத்தில் பெரிய அளவில் இந்த முயற்சி நடந்தது காவல்துறையில்தான். தமிழ்நாடு காவல்துறை 2018-இல் பெங்களூரு நிமான்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து காவலருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் நிறைவாழ்வுப் பயிற்சி ஒன்றைத் தொடங்கியது. உயர் அதிகாரியின் ஏச்சு, விடுமுறையில்லாத பந்தோபஸ்து, பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியாத வாழ்க்கை என்று காவலர் படும் பாட்டை அரசே ஒப்புக்கொண்டது போல் இருந்தது அந்த ஏற்பாடு. வரவேற்க வேண்டியது. ஆனால் 2023 ஜூலை மாதத்தில் கோவையில் ஓர் உயர் அதிகாரி தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மாநிலமே அதிர்ந்தது. அன்றைக்கே, அவருக்கு என்ன நோய், அதற்காக எவ்வளவு காலமாகச் சிகிச்சை என்பதெல்லாம் செய்தியாளர்கள் முன் சொல்லப்பட்டன. வேலைப் பளுவால் நேர்ந்தது என்ற வதந்தியை அடக்கவே சொன்னார்கள் என்பது விளங்குகிறது. இருந்தாலும் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காவலர், அதுவும் இரகசியமாக மாத்திரை சாப்பிடுகிற ஒரு காவலர், என்ன நினைத்திருப்பார்? செத்த பிறகும் இது வெளியே வருமோ என்றுதானே? நூறு பயிற்சி வகுப்பில் வளர்த்த நம்பிக்கை ஒரு மாலையில் கரைந்துவிடக்கூடும்.

இந்தச் சாவி விஷயத்தில் நம் திருச்சபைக்கு நெடுநாளைய அனுபவம் உண்டு. அனுபவம் என்றால் கசப்பும் சேர்த்திதான்.

பாவசங்கீர்த்தன இரகசியம் உங்களுக்குத் தெரியும். 1215-ஆம் ஆண்டு நான்காம் இலாத்தரன் சங்கம் அதை மீறும் குருவைப் பதவியிலிருந்து இறக்கி, ஆயுள் முழுவதும் மடத்தில் அடைத்துத் தவம் செய்ய விடவேண்டும் என்று விதித்தது. பிராகு நகரில் 1393-இல் நெப்போமுக் அருளப்பர் ஆற்றில் தள்ளப்பட்டு இறந்தார். அரசியின் பாவசங்கீர்த்தனத்தை வெளியிட மறுத்ததற்காக என்பது பாரம்பரியம். மடாதிபதி நியமனத்தில் அரசனோடு உண்டான தகராறுதான் காரணம் என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். எப்படியோ, அவர் பாலங்களுக்கும் வெள்ளத்துக்கும் பாதுகாவலரானார். நம் குடமுருட்டிப் பாலத்திலும் ஒரு சுரூபம் வைத்தால் நல்லதுதான், ஐப்பசி மாதத்தில் தேவைப்படும்.

அவ்வளவாக வெளியே தெரியாத வேறொரு சட்டம் உண்டு. இன்றைய பேச்சுக்கு அதுதான் முக்கியம். குருமடத்தில் அதிபர் என்று ஒருவர் இருப்பார், ஆன்ம குரு என்று ஒருவர் இருப்பார். மாணவனுக்குப் பட்டம் கொடுப்பதா, பெட்டியைக் கட்டச் சொல்லி வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்யும்போது ஆன்ம குருவிடம் கருத்துக் கேட்கவே கூடாது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 240-ஆம் விதி இது. "அந்தப் பையன் எப்படி?" என்று அதிபர் சும்மா கேட்பதற்கும் இடமில்லை. 985-ஆம் விதி, மாணவர்களே விரும்பிக் கேட்டாலொழிய அதிபர் அவர்களுடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கலாகாது என்கிறது. 984-ஆம் விதி, அதிகாரத்தில் இருப்பவர் பாவசங்கீர்த்தனத்தில் அறிந்ததை நிர்வாகத்துக்கு எவ்விதத்திலும் பயன்படுத்தக் கூடாது என்கிறது. நாங்கள் குருமடத்தில் இருந்தபோது இந்தச் சுவரின் அருமை எங்களுக்குத் தெரியும். ஆன்ம குருவின் அறையில் முந்தின இரவு அழுதவன், மறுநாள் காலையில் அதிபர் முன்னால் நிமிர்ந்து நிற்க முடிந்தது. அந்தச் சுவர் இல்லையென்றால் ஒருவனும் அழுதிருக்கமாட்டான். எல்லாரும் புன்னகையோடு பட்டம் வாங்கியிருப்போம், உள்ளே இருந்தது உள்ளேயே புழுத்திருக்கும்.

இந்த விதிகள் யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியவை அல்ல, பட்ட அனுபவத்தில் வந்தவை. ஒரு காலத்தில் கன்னியர் மடங்கள் சிலவற்றில், தலைமைச் சகோதரி தமக்குக் கீழிருப்பவர்களை மனத்திலுள்ளதையெல்லாம் தம்மிடமே திறந்து சொல்லும்படி வற்புறுத்தும் வழக்கம் புகுந்திருந்தது. எந்த ஊருக்கு அனுப்புவது, எந்த வேலை கொடுப்பது என்பதெல்லாம் தீர்மானிக்கிறவரும் அதே தலைமைச் சகோதரிதான். ஒரு சகோதரி தன் மனச்சோர்வைச் சொல்லிவிட்டு மறுவாரம் மாற்றல் உத்தரவு வாங்கினால், அது தண்டனையா தற்செயலா என்று யாரால் சொல்ல முடியும்? 1890 டிசம்பர் 17 அன்று பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் ஆட்சியில் வெளிவந்த ஆணை, அப்படி நேராகவோ சுற்றிவளைத்தோ தூண்டுவதையே தடை செய்தது. அதற்கு ஐந்து மாதம் கழித்து, 1891 மே 15 அன்று, அதே பாப்பரசர் தொழிலாளர் நிலைமை பற்றிய சுற்றுமடலை வெளியிட்டார். மே தின மேடைகளில் நம்மவர்கள் இரண்டாவதைத் தவறாமல் பேசுகிறார்கள். முதலாவதை யாரும் நினைப்பதில்லை. கூலியில் மட்டுமல்லாமல் மனத்திலும் ஏழையைக் காப்பாற்ற வேண்டும் என்று அந்தக் கிழவருக்குத் தெரிந்திருந்தது.

உலகச் சட்டமும் மெல்ல மெல்ல இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஹாஃப்மன் எஸ்டேட்ஸ் என்று ஓர் ஊர். அங்கே 1991 ஜூன் மாதம் மேரி லூ ரெட்மண்ட் என்ற பெண் காவலர் பணியின்போது ஒருவரைச் சுட்டார், அவர் இறந்துபோனார். பிறகு அந்தப் பெண் மனம் நொந்து, கேரன் பேயர் என்ற சமூகப் பணியாளரிடம் சுமார் 50 முறை ஆலோசனைக்குப் போனார். இங்கேதான் கவனிக்க வேண்டும்: பேயருக்குச் சம்பளம் கொடுத்ததும் அதே ஊராட்சிதான். இறந்தவரின் குடும்பத்தார் வழக்குப் போட்டு, ஆலோசனைக் குறிப்புகளைக் கொண்டுவரச் சொன்னார்கள். நீதிபதியும் உத்தரவிட்டார். இரு பெண்களும் முழுவதையும் காட்ட மறுத்தார்கள். காட்டாததை அவர்களுக்குப் பாதகமாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று நீதிபதி ஜூரிகளிடம் சொல்ல, 5,45,000 டாலர் நஷ்ட ஈடு விதிக்கப்பட்டது. வழக்கு மேலே மேலே போய், 1996 ஜூன் 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகள் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம் நிற்க, ஆலோசகரிடம் பேசியது காக்கப்பட வேண்டியதே என்று தீர்ப்பாயிற்று. மகனை இழந்த குடும்பத்தின் துயரமும் சிறியதல்ல. ஆனால் அந்தக் குறிப்புகள் திறக்கப்பட்டிருந்தால் அதற்குப் பிறகு எந்தக் காவலரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கமாட்டார், குறிப்புகளும் பிறந்திருக்காது.

ஆனால் ஒன்றை உங்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பாவசங்கீர்த்தன இரகசியத்துக்கு விதிவிலக்கே இல்லை. ஆலோசகரின் இரகசியத்துக்கு எல்லை உண்டு, இருக்கவும் வேண்டும். நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 23-ஆம் பிரிவு மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவருடைய செய்திகள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்கிறது. 24-ஆம் பிரிவு, அவருடைய சம்மதமில்லாமல் அவற்றைப் பத்திரிகைக்கோ தொலைக்காட்சிக்கோ கொடுக்கக் கூடாது என்கிறது. விலக்குகளும் உண்டு: உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு, பொதுமக்கள் பாதுகாப்பு. மேலாளரின் ஆவல் அந்த விலக்குகளில் இல்லை.

எல்லை ஏன் வேண்டும் என்பதற்கு 2015 மார்ச் 24 போதும். ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானி ஒருவர் ஆல்ப்ஸ் மலையில் வேண்டுமென்றே மோதவிட்டார். அவரோடு சேர்த்து 150 பேர் இறந்தார்கள். வேலைக்குத் தகுதியில்லை என்று மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டை அவர் நிறுவனத்திடம் காட்டவில்லை. ஆகவே இரகசியமே தப்பு என்று அப்போது பலர் கூச்சலிட்டார்கள். பிரெஞ்சு விசாரணைக் குழு நிதானமாக இரண்டு யோசனைகள் சொன்னது. பொது ஆபத்து என்றால் மருத்துவர் எப்போது வாய் திறக்கலாம் என்ற விதி தெளிவாக இருக்கட்டும். அன்றியும், நோயைச் சொன்னால் பிழைப்பே போய்விடும் என்ற விமானியின் பயத்தைக் குறைக்க வழி செய்யுங்கள். இரண்டாவது யோசனையைத்தான் முதலாளிகள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். பயம் இருக்கும்வரை ஒளிப்பான். ஒளிக்கிறவனை எந்தச் சட்டத்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

பிழைப்புப் போகும் என்ற பயத்துக்கும் சட்டம் ஓரளவு மருந்து வைத்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அரசு நிறுவனத்தில் பணியின்போது அப்படி ஆனவரை அதற்காக வேலையை விட்டு நீக்குவதையும் பதவி இறக்குவதையும் அதன் 20-ஆம் பிரிவு தடுக்கிறது. 2021 டிசம்பரில் மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போயிற்று. நடத்தைக்கு மனநோயும் ஒரு காரணம் என்றிருக்கும்போது ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது பாகுபாடே என்றது.

இனி மறுபக்கம். இரகசியம் நன்றாகக் காக்கப்பட்டாலும் ஏமாற்றம் வரலாம். சிக்காகோ அருகே ஹாதோர்ன் என்ற தொலைபேசிக் கருவி ஆலையில் 1936-ஆம் ஆண்டிலேயே தொழிலாளருக்கு ஆலோசகர்களை நியமித்தார்கள். அவர்கள் யாருக்கும் அதிகாரி அல்லர். கேட்டதை வெளியே சொல்வதில்லை. தொழிலாளர் பக்கத்திலேயே வந்து நின்று பேச்சுக் கொடுப்பார்கள். கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது! சுமார் இருபது ஆண்டு நடந்தது. 1951-இல் வில்ன்ஸ்கி தம்பதியர் இதை ஆராய்ந்து எழுதினார்கள். மனக்குறையைக் கொட்டித் தீர்த்தவர் ஆறிப்போய் இயந்திரத்துக்குத் திரும்பினார், இயந்திரமும் கூலியும் மேஸ்திரியும் இருந்தபடியே இருந்தார்கள் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். மடை உடையாமல் பார்த்துக்கொள்ள வடிகால் வெட்டுவது போல. பன்னிரண்டு மணி நேரம் நின்றபடியே வேலை வாங்கிவிட்டு, "உங்கள் மன அழுத்தத்தைப் பற்றிப் பேச வாருங்கள்" என்று அழைப்பது ஆலோசனை அல்ல. எலியாஸ் தீர்க்கதரிசி களைத்துப்போய்ச் சாக வேண்டும் என்று மரத்தடியில் படுத்தபோது, தேவதூதர் முதலில் அப்பமும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டார். பேச்சு பிற்பாடுதான்.

ஆகவே நம் பிள்ளைகள் அந்த நாற்காலியில் உட்காருவதற்கு முன் சில கேள்விகளைக் கூசாமல் கேட்கலாம். என்ன எழுதிவைப்பீர்கள், யார் பார்ப்பார்கள்? எந்தெந்த விஷயத்தை மேலே சொல்வீர்கள்? நான் வந்ததே நிறுவனத்துக்குத் தெரியுமா? உங்கள் படிப்பு என்ன, எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள்? இது முக்கியம். ஆலோசகர் என்று பலகை மாட்டியவர் எல்லாரும் அந்தச் சட்டம் சொல்லும் மனநல வல்லுநர் அல்லர். கேள்வி கேட்டதற்கே முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். நல்ல ஆலோசகர் நீங்கள் கேட்கும் முன் அவரே சொல்லிவிடுவார். விடுப்புச் சீட்டு விஷயமும் உண்டு. மனநலப் பிரிவு என்று தலைப்பில் அச்சிட்ட சீட்டு அலுவலகத்தில் நாலு மேஜை தாண்டித்தான் கோப்புக்குப் போகும். நோயின் பெயரில்லாமல், இத்தனை நாள் ஓய்வு தேவை என்று மட்டும் எழுதித்தர முடியுமா என்று மருத்துவரைக் கேட்டுப் பார்க்கலாம்.

கைப்பேசிச் செயலியில் முகம் தெரியாதே, அது பத்திரம்தானே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். பின்லாந்தில் வஸ்தாமோ என்ற மனநல நிறுவனத்தின் கணினியிலிருந்து 30,000-க்கும் மேற்பட்டவர்களின் செய்திகள் திருடப்பட்டன. 2020-இல் திருடன் நோயாளிகளுக்கே தனித்தனியாகக் கடிதம் அனுப்பி, பணம் கொடு, இல்லாவிட்டால் நீ ஆலோசகரிடம் சொன்னதை வெளியிடுவேன் என்று மிரட்டினான். 2024-இல் அவனுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வெளியே வந்துவிட்ட பேச்சை யார் உள்ளே அனுப்புவது? எழுதிவைப்பது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

நம்மிடையே ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர்களும் இருக்கிறீர்கள். அரிசி ஆலை, கடை, மருத்துவமனை. உங்களுக்குச் சொல்லப் போவதை முதலில் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். நான் பங்குக் குரு. பங்குப் பள்ளிக்குத் தாளாளரும் நான்தான். ஆசிரியரின் விடுப்புக்கும் குறிப்பாணைக்கும் என் கையெழுத்து வேண்டும். "என்ன கஷ்டமானாலும் சாமியிடம் வந்து சொல்லுங்கள்" என்று ஆண்டு விழாவில் சொல்வது அழகாகத்தான் இருக்கும். ஆனால் நம் பள்ளிப் பணியாளரின் மனக்கஷ்டத்தைக் கேட்க இந்த ஊரிலேயே பொருத்தமில்லாத ஆள் நான்தான். எனக்கு இரக்கம் இல்லை என்பதல்ல. சாவி என்னிடம் இருக்கிறது.

எனவே பங்குப் பேரவையின் சம்மதத்தோடு வரும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதே ஒரு ஏற்பாடு தொடங்குகிறது. கும்பகோணத்தில் மனநல ஆலோசகர் ஒருவரைப் பேசியிருக்கிறோம். நம் பங்கைச் சேர்ந்தவர் அல்லர். நம் பள்ளியில் யாருக்கும் உறவினரும் அல்லர். இந்த இரண்டாவது தகுதியுள்ளவரை நம் வட்டாரத்தில் தேடிப்பிடிக்கத்தான் நாளாயிற்று. யார் போனார்கள் என்று பள்ளிக்குத் தெரிவிக்கமாட்டார். பேரவையில் ஒருவர், பெயர் வேண்டாம், மாதம் எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்காவது வரட்டும், பணம் கொடுக்கிறோமே என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் பதினேழு பேர் வேலை செய்கிற இடத்தில் எண்ணே பெயராகிவிடும். "இந்த மாதம் ஒருவர்" என்று தாள் வந்தால், அந்த மாதம் சீக்கிரமாகப் புறப்பட அனுமதி கேட்டவர் யார் என்று வருகைப் பதிவேட்டைப் புரட்ட எத்தனை நிமிடம் ஆகும்? ஆகவே ஆண்டுக்கு ஒரு தொகை என்று பேசி முடித்திருக்கிறோம். ஒருவரும் போகாவிட்டாலும் கொடுப்போம், பத்துப் பேர் போனாலும் அதுதான். சனிக்கிழமையிலும் அவர் இருப்பார், அதனால் அனுமதிச் சீட்டே தேவைப்படாது.

நிறுவனத்தின் ஆலோசகரை நம்ப முடியவில்லை என்பவர்கள் பேசாமல் உள்ளேயே அடக்கிக்கொண்டு இருந்துவிட வேண்டாம். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவை இருக்கிறது. நம் மாநிலத்தில் அதற்கு 'நட்புடன் உங்களோடு' என்று பெயர். 14416 என்ற எண். இரவு பகல் எப்போதும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை, உங்கள் முதலாளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சென்னையில் 1986 முதல் 'சிநேகா' அமைப்பு, உயிரை வெறுத்து நிற்பவர்களின் பேச்சைக் கேட்பதற்கென்றே இருந்துவருகிறது. 14416 என்ற எண்ணை யூபிலி மலரின் பின் அட்டையில் பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். விளம்பரம் ஒன்று குறைந்தது. விழாக் குழுப் பொருளாளர் பொறுத்துக்கொண்டார்.

(உரைக்குப் பின் ஆசிரியை ஒருவர் எழுந்து, "அப்படியானால் எங்கள் தாளாளரான உங்களிடம் நாங்கள் பாவசங்கீர்த்தனமும் செய்யக் கூடாதா, சாமி?" என்று கேட்டார். குரு கூறிய பதில்:)

தாராளமாகச் செய்யலாம். அங்கே கேட்டதைப் பள்ளி நிர்வாகத்தில் நான் பயன்படுத்த முடியாது. சற்று முன் சொன்ன 984-ஆம் விதி என் கையைக் கட்டியிருக்கிறது. ஆனாலும் மனத்துக்குத் தயக்கம் இருந்தால் அதுவும் நியாயமே. மாத முதல் வெள்ளிக்கு முந்தைய வியாழக்கிழமை மாலை பக்கத்துப் பங்குக் குரு நம் கோயிலுக்கு வந்து பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்காருவார். அந்த நேரத்தில் நான் அவருடைய கோயிலில் உட்கார்ந்திருப்பேன். அங்கேயும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறதல்லவா? ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரையில்.